அம்மை என்று மறைக்காதிருங்கள்



பிள்ளைகள் வார்டில் நான் கட்டிலருகே நிற்கும்போது, சில தாய்மார் குரலைத் தாழ்த்தி, "ஐயா, வீட்டில் மூத்தவனுக்கும் மணல்வாரி போட்டிருக்கிறது, வெளியே சொல்லவில்லை" என்பார்கள். அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை சொருகி, தலைக்குத் தண்ணீர் விடும்வரை பேசாதிருப்பது நம் ஊர்களில் பழைய வழக்கம். விசுவாசக் குடும்பங்களிலும் இந்த மௌனம் உண்டு. அதன் கேட்டை அனுபவிப்பது பெரும்பாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளை.

மணல்வாரி என்கிற தட்டம்மை காற்றில் பரவும் வியாதி. நோயுள்ள பிள்ளை அறையை விட்டுப் போன பின்னும் இரண்டு மணி நேரம் வரை கிருமி அங்கே இருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத 10 பேர் அருகிலிருந்தால் 9 பேர் வரை அதைப் பெறக்கூடும். தடிப்பு தோன்றுவதற்கு 4 நாள் முன்னமே பரவத் தொடங்கி, தோன்றிய பின் 4 நாள் வரை பரவும்.

ஆகையால் மருத்துவர்களும் செவிலியர்களும் மூன்று காரியங்களைக் கைக்கொள்ள வேண்டும்.

முதலாவது, சந்தேகிக்க வேண்டும். காய்ச்சலோடு, நீர்க்கொப்புளம் இல்லாத சிவந்த தடிப்பு கண்டாலே போதும். இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு இவையும் சேர்ந்திருந்தால் சந்தேகம் உறுதிப்படும்.

இரண்டாவது, அன்றைக்கே சுகாதாரத் துறைக்கு அறிவிக்க வேண்டும். பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்கலாகாது. அறிவித்தால்தான் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, ஊசி போடாத பிள்ளைகளைக் கண்டுபிடிப்பார்கள். நோயாளியோடு பழகிய 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்கவும் கூடும்.

மூன்றாவது, பரிசோதிக்க வேண்டும். தடிப்பு தோன்றிய 28 நாட்களுக்குள் இரத்தம் எடுத்து, குளிர்ப்பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். முதல் 3 நாட்களில் எடுத்த இரத்தம் சிலவேளை "நோய் இல்லை" என்று காட்டிவிடும். அதை நம்பிவிடாமல் மறுபடியும் எடுக்க வேண்டும். தொண்டையிலிருந்தும் மாதிரி எடுப்பது நல்லது.

இதற்கிடையில் பிள்ளைக்கு இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுப்பார்கள். கண்பார்வையைக் காக்க அது உதவும்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி பெருமளவில் போடப்பட்டது. ஆயினும் 2022-இன் கடைசி மாதங்களில் மும்பையில் தட்டம்மை பரவிப் பல பிள்ளைகள் மரித்தார்கள். நூற்றுக்கு 95 பிள்ளைகள் இரண்டு ஊசியும் பெறாத இடத்தில் இது திரும்ப வரும். அந்த இடம் எது என்பதைக் காட்டுவது ஆஸ்பத்திரிகளிலிருந்து போகும் அறிக்கைதான்.

அன்பானவர்களே, உங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலும் தடிப்பும் என்று கேள்விப்பட்டு ஜெபிக்கப் போவீர்களானால், தவறாமல் ஜெபியுங்கள். திரும்பும் வழியில் கிராம சுகாதார செவிலியரிடமும் சொல்லிவிட்டு வாருங்கள். உங்கள் பேரப்பிள்ளையின் தடுப்பூசி அட்டையையும் இன்றே எடுத்துப் பாருங்கள்: 9 முதல் 12 மாதத்துக்குள் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று.