பொறுமை இல்லாத தலைமுறையா?

கேள்வி: நான் ஒரே அரசுத் துறையில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மகன் ஆறு வருடத்தில் நான்கு கம்பெனி மாறிவிட்டான். இவர்களுக்கு ஏன் பொறுமையே இல்லை?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் கவலை புரிகிறது ஐயா. ஆனால் நீங்கள் ஒரே இடத்தில் நிலைத்ததற்குப் பொறுமை மட்டுமா காரணம்? நிலைத்தவருக்குப் பலன் இருந்தது. வருடா வருடம் இன்கிரிமென்ட், ஜி.பி.எஃப்., ஓய்வுக்குப் பின் ஆயுள் முழுக்கப் பென்ஷன். பாதியில் விட்டால் பெரும்பகுதி போய்விடும். தமிழக அரசில் 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பழைய பென்ஷன் நிறுத்தப்பட்டு, பங்களிப்புத் திட்டம் வந்தது. மத்திய அரசில் 2004 ஜனவரி முதல் இதே கதை. உங்களைக் கட்டிவைத்த கயிறு மகன் காலத்தில் அறுந்துவிட்டது. தனியாரில் கம்பெனி மாறும்போதுதான் பலருக்குச் சம்பளம் ஏறுகிறது; பி.எஃப்.பும் கூடவே மாறிவிடுகிறது. ப்ராஜெக்ட் முடிந்தால் அனுப்பிவிடும் இடத்தில் அவன் யாருக்கு விசுவாசம் காட்டுவான்?

வயது ஒன்றே தலைமுறையை உருவாக்குவதில்லை, இளமையில் சேர்ந்து அனுபவித்த காலமே உருவாக்குகிறது என்று சமூகவியலாளர் கார்ல் மான்ஹைம் 1928-லேயே எழுதினார். எனக்கு அது சரியென்றே படுகிறது.

மகன் இழந்ததும் உண்டு. உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் ஆபீஸே திரண்டு வந்திருக்கும். அவனுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? அடுத்த முறை ஊருக்கு வரும்போது அதைக் கேளுங்கள்.