நூலகத்தில் இரவல் தரும் தொலைநோக்கி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் சிறு மாநிலம் நியூ ஹாம்ப்ஷயர். அங்கே நூலக அட்டை வைத்திருப்பவர் நாவலோடு சேர்த்து ஒரு தொலைநோக்கியையும் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். மாநிலத்தின் வானியல் சங்கம் 2008இல் தொடங்கிய ஏற்பாடு இது. பிறகு மற்ற மாநிலங்களுக்கும் கனடாவுக்கும் பரவியது. இதைக் கேட்டதும் எழும் ஆட்சேபங்களில் பல வெறும் பயம். ஒன்று மட்டும் நியாயமானது.

நம்பிக்கை: பொதுமக்களிடம் கொடுத்தால் குரங்கு கையில் பூமாலைதான்.

கடையில் வாங்கியபடியே கொடுத்தால் அப்படி ஆகலாம். சங்கத்தார் அப்படிக் கொடுப்பதில்லை. அவர்கள் தேர்ந்தெடுத்தது ஓரியன் நிறுவனத்தின் ஸ்டார்பிளாஸ்ட். 114 மி.மீ. ஆடி, சுமார் 6 கிலோ எடை, மேசைமேல் தூக்கி வைத்துப் பார்க்கலாம். முக்காலி கிடையாது. இதில் எதெல்லாம் தொலையும், எதையெல்லாம் ஆசையாகத் திருகிப் பார்ப்பார்கள் என்று முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். கழற்றி மாற்றும் கண்வில்லைகளை நீக்கிவிட்டு, 8 முதல் 24 மி.மீ. வரை மாற்றிக்கொள்ளும் ஒரே ஜூம் கண்வில்லையைக் கழலாதபடி திருகாணியால் இறுக்குகிறார்கள். மூடிகளைக் குழாயோடு கயிற்றில் கட்டிவிடுகிறார்கள். ஆடியைச் சீர்செய்யும் திருகுகளை வெறும் விரலால் அசைக்க முடியாது. குறிபார்க்க உதவும் சிவப்புப் புள்ளி விளக்கை அணைக்க மறப்பது மனித இயல்பு. அதனால் அதன் பொத்தான் பேட்டரிக்குப் பதில் நெடுநாள் தாங்கும் பேட்டரி.

தொலைநோக்கி உட்கார்ந்திருக்கும் பீடமும் எளிமையானது. மேலும் கீழும் சாய்க்கலாம், பக்கவாட்டில் திருப்பலாம், அவ்வளவுதான். இதைப் பிரபலமாக்கிய ஜான் டாப்சன் கலிஃபோர்னியாவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவர். அட்டைக் குழாய், மரப்பலகை, தானே தேய்த்த கண்ணாடி என்று கிடைத்ததை வைத்துத் தொலைநோக்கி செய்தார். அந்தப் பித்தே அவர் 1967இல் மடத்தை விட்டு வெளியேற நேர்ந்ததற்குக் காரணம். மறு ஆண்டு முதல் நண்பர்களோடு சான் பிரான்சிஸ்கோ நடைபாதையில் தொலைநோக்கியை நிறுத்தி, போவோர் வருவோருக்கெல்லாம் நிலவைக் காட்டினார். நூலகத் திட்டம் அதே காரியத்தின் தொடர்ச்சி என்றே எனக்குப் படுகிறது.

நம்பிக்கை: வாங்கப் பணம் இருந்தால் போதும், திட்டம் தானே ஓடும்.

ஓடாது. பணம் கிடைப்பதுதான் இதில் சுலபமான பகுதி. நியூ ஹாம்ப்ஷயரில் ஒவ்வொரு தொலைநோக்கிக்கும் சங்க உறுப்பினர் ஒருவர் ‘வளர்ப்புப் பெற்றோர்’ ஆகப் பொறுப்பேற்கிறார். அவ்வப்போது நூலகத்துக்குப் போய்த் துடைப்பது, ஆடி விலகியிருந்தால் சரிசெய்வது, பேட்டரி மாற்றுவது, நூலக ஊழியருக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவர் வேலை. நூலகருக்கு வானியல் தெரிய வேண்டியதில்லை. யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்தால் போதும். இப்படி ஓர் ஆள் அமையாத ஊரில் இதைத் தொடங்காமல் இருப்பதே மேல். ஆடி கொஞ்சம் விலகினாலும் படம் மங்கும். பார்த்தவர் ஏமாந்து திருப்பித் தருவார், கருவி பீரோவுக்குள் போய்விடும்.

நம்பிக்கை: எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டுகிறதோ அவ்வளவு நல்ல கருவி.

விளையாட்டுச் சாமான் கடைகளில் அட்டைப் பெட்டிமேல் 600 மடங்கு என்று அச்சடித்து விற்பார்கள். அதை நம்பி வாங்கியவர்கள் பார்ப்பது பெரிதாக்கப்பட்ட மங்கலைத்தான். நூலகக் கருவி 19 முதல் 56 மடங்கு வரைதான் காட்டும். கலிலியோ 1610இல் வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டது ஏறத்தாழ 20 மடங்கில். சனியின் வளையம் தெரிய 56 மடங்கு தாராளம். உண்மையில் முக்கியம் ஆடியின் அகலம். இருட்டில் நம் கண்பாவை மிஞ்சிப்போனால் 7 மி.மீ. விரியும், 114 மி.மீ. ஆடி அதைவிடச் சுமார் 250 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது.

நம்பிக்கை: நிலவைப் பார்க்கப் பௌர்ணமியே சிறந்த நாள்.

பௌர்ணமியன்று சூரிய ஒளி நிலவின் மேல் நேராக விழுகிறது. நிழலே இல்லாததால் பள்ளங்கள் தட்டையாகிவிடும், கண்ணும் கூசும். வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இரவலுக்குக் கேளுங்கள். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டின் ஓரத்தில் ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பும் நீண்ட நிழலோடு எழுந்து நிற்கும். இதற்கு ஊரின் தெருவிளக்குகள் தடையல்ல. நகரத்து மொட்டை மாடியே போதும்.

நம்பிக்கை: ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களில் வரும் வண்ணங்கள் கண்ணுக்குத் தெரியும்.

தெரியாது. ஓரியன் நெபுலா என்ற விண்மேகம் சாம்பல் நிறப் புகையாகத்தான் தெரியும்.

நம்பிக்கை: கிரகணக் கண்ணாடி அணிந்துகொண்டால் தொலைநோக்கி வழியாகச் சூரியனையும் பார்க்கலாம்.

முதலில் சொன்ன நியாயமான பயம் சூரியனைப் பற்றியது. ஆடி குவிக்கும் வெயில் கிரகணக் கண்ணாடியை நொடியில் துளைத்து விழித்திரையைச் சுட்டுவிடும். வடிகட்டி இருந்தால் அது கண்ணருகே அல்ல, குழாயின் முன்வாயில், சூரியனுக்கென்றே செய்ததாகப் பொருந்தியிருக்க வேண்டும். இரவலில் அது வராது. ஆகவே சூரியன் மறைந்த பிறகே குழாயின் மூடியைத் திறவுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பகலில் கருவியை அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.