தவளை நீச்சல் கைவர: கடற்கரைப் பிள்ளைகளுக்குச் சில குறிப்புகள்

1875-ல் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் நீந்திக் கடந்த மாத்யூ வெப், கிட்டத்தட்ட 22 மணி நேரமும் தவளை நீச்சல்தான் போட்டார். நம் ராமேசுவரம் பக்கமும் அப்படிக் கடல் கடந்தவர்கள் உண்டு: தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 1966-ல் மிகிர் சென் நீந்தி வந்தார். 1994-ல் குற்றாலீசுவரன் அதேபோல் நீந்தி வந்தபோது அவருக்கு வயது 12. இன்று வேகத்துக்கு வேறு நீச்சல் இருக்கிறது. ஆனால் தலை தூக்கித் திசை பார்க்கவும், மூச்சு வாங்கவும், களைப்பில்லாமல் கரை சேரவும் தவளை நீச்சலுக்கு ஈடில்லை. இதில் ஆளை முன்னே தள்ளுவது பெரும்பாலும் கால்தான். ஆகவே பயிற்சியைக் காலிலிருந்து தொடங்குங்கள்.

1. மார்பளவு தண்ணீர் போதும். ஆடிக் காற்றில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும்போது வடகடல் (பாக் விரிகுடா) பெரும்பாலும் அடங்கியிருக்கும். வாடைக் காலத்தில் நேர்மாறு. தனுஷ்கோடி அரிச்சல்முனையில் மட்டும் எந்த மாதமும் இறங்காதீர்கள். அங்கே நீரோட்டம் ஆளை இழுத்துவிடும்.

2. முதல் பாடம் திண்ணையில். இடுப்புக்குக் கீழே கால் வெளியே நீட்டியிருக்கும்படி குப்புறப் படுங்கள். குதிகாலைப் பின்புறம் நோக்கி இழுங்கள். பாதத்தை வெளிப்பக்கம் திருப்புங்கள். வட்டமாகத் தள்ளிக் கால்களைச் சேருங்கள். பலரும் தவறுவது பாதத்தைத் திருப்பும் இடத்தில்தான். விரல் நுனி பின்னால் நீண்டிருந்தால் எவ்வளவு உதைத்தாலும் ஆள் நகரமாட்டார். விரல்களை முழங்கால் பக்கம் மடக்கி, பாதத்தை விரித்து வைக்க வேண்டும். தண்ணீரின் கனம் உள்ளங்காலிலும் கெண்டைக்காலின் உட்புறத்திலும் தெரிந்தால் உதை சரி. புறங்காலில் தெரிந்தால் தவறு.

3. அடுத்து ஊருணிப் படியைப் பிடித்துக்கொண்டு அதே உதை. படியில் பாசி வழுக்கும், கவனம்.

4. தெர்மாகோல் பலகையையோ மூடி இறுக்கிய காலி கேனையோ முன்னால் பிடித்துக் காலால் மட்டும் போங்கள். முழங்கால்கள் இடுப்பை விட அதிகம் விரியக் கூடாது. முழங்காலின் உட்புறம் வலித்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். வலியோடு உதைத்தால் மூட்டு கெடும்.

5. பலகை இல்லாமல், கைகளைப் பின்னால் நீட்டி வைத்து உதையுங்கள். ஒவ்வொரு முறையும் குதிகால் விரல் நுனியைத் தொட வேண்டும். கால் முழுதாக மடங்குகிறதா என்பது இதில் தெரிந்துவிடும்.

6. கை வீச்சு சிறியதாக இருக்கட்டும். கையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோனால் மறுபடி முன்னே நீட்டுவதற்குள் வேகம் செத்துவிடும். முஷ்டியை மூடிக்கொண்டு சிறிது தூரம் நீந்திவிட்டு, பிறகு விரல்களைத் திறந்து நீந்திப் பாருங்கள். முன்கையும் தண்ணீரைப் பிடிக்கும் என்பது உடம்புக்கே புரியும்.

7. ஒரு கை வீச்சுக்கு இரண்டு உதை. முடிந்ததும் அம்பு போல் நீண்டு மூன்று எண்ணும் வரை மிதந்து செல்லுங்கள். என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் முக்கியமான பயிற்சி இதுதான். அவசரக்காரர்கள் இந்த மிதப்பை விட்டுவிட்டு, கையும் காலும் ஒன்றாக அடித்துக் களைத்துப்போகிறார்கள். வரிசை மாறக் கூடாது: கை, மூச்சு, கால், மிதப்பு.

8. மூச்சைத் தண்ணீருக்குள்ளேயே விட்டுவிடுங்கள். தலை மேலே வந்ததும் இழுப்பது மட்டும்தான் வேலை.

9. கரைக்கு இணையாக நீந்தி, இருபது வீச்சில் எவ்வளவு தூரம் வருகிறீர்கள் என்று பாருங்கள். அதே இருபது வீச்சில் தூரம் கூடினால் நீச்சல் தேறுகிறது என்று பொருள். படகு கட்டும் இடத்தில் வேண்டாம். கயிறும் விசிறியும் ஆபத்து.

10. சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள், எரிச்சல் கூடும். கடல் நீரால் கழுவுங்கள். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

11. தனியாக ஒருபோதும் இறங்க வேண்டாம். பெரியவர்கள் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது பெண் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிடாதீர்கள். பாம்பன் சின்னப்பாலத்தில் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர்கள் பெண்கள்தான். அவர்களின் மகள்களுக்கும் பேத்திகளுக்கும் முறையான நீச்சலைச் சொல்லிக்கொடுங்கள்.