கட்ஆஃப் கைவிட்டாலும் பி.இ. உண்டு

கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கூட்டும் கட்ஆஃப் சறுக்கிவிட்டால், "கிடைத்த காலேஜில் பணத்தைக் கட்டிச் சேர்த்துவிடு" என்பார்கள் சொந்தபந்தங்கள். அவசரப்படாதீர்கள். பாலிடெக்னிக் வழி ஒன்று இருக்கிறது.

பிளஸ் டூ முடித்தவர் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டு வருடத்தில் டிப்ளமோ முடியும். அதை வைத்து பி.இ.யிலும் நேரடி இரண்டாம் ஆண்டு. அது மூன்று வருடம். ஆக மொத்தம் ஐந்து. நேராகச் சேர்ந்தவரைவிட ஒரு வருடம்தான் கூடுதல். அதற்குப் பதிலாக ஒரு டிப்ளமோ கையில் இருக்கும்.

முதலில் பாலிடெக்னிக்கைத் தேர்ந்தெடுங்கள். திருச்சி சேஷசாயி, நாகப்பட்டினம் வலிவலம் தேசிகர் போன்ற அரசு உதவிபெறும் இடங்களுக்கு முதலில் விண்ணப்பியுங்கள். பி.இ.யில் என்ன படிக்க ஆசையோ அதை ஒட்டிய பிரிவையே டிப்ளமோவிலும் எடுங்கள். பிற்பாடு மாறிக்கொள்ளலாம் என்ற நினைப்பு வேண்டாம்.

நேரடி இரண்டாம் ஆண்டுக் கலந்தாய்வில் பார்ப்பது டிப்ளமோ மதிப்பெண்ணைத்தான். பழைய கட்ஆஃபை யாரும் கேட்பதில்லை. அதனால் அரியர் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதிக்கப்பட்ட இடங்களில் 10 சதவீதம் இதற்கென்று கூடுதலாக உண்டு; முதலாண்டில் நிரம்பாத இடங்களும் சேரும். செங்கிப்பட்டி அரசுப் பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் முதலாண்டே நிரம்பிவிட்டால் அந்தப் பத்து சதவீதத்துக்குத்தான் போட்டி. காலி இடம் நிறைய இருக்கும் கல்லூரியில் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் ஏன் காலியாக இருக்கிறது என்று அங்கே படிப்பவர்களிடம் விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

சான்றிதழ் வேலைதான் பலரைக் கவிழ்க்கிறது. சாதி, வருமானம், முதல் பட்டதாரி மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், வி.ஏ.ஓ., ஆர்.ஐ. பார்வைக்குப் போய்த் தாலுகா ஆபீஸ் வரை நகர வேண்டும். விவசாயக் குடும்பம் என்றால், ஜூனில் மேட்டூர் அணை திறந்து குறுவைக்கு நாற்று விடும் நேரத்தில் அப்பாவால் அலைய முடியாது; வி.ஏ.ஓ. கையிலும் சிட்டா, அடங்கல் கேட்டு வந்தவர்களின் வரிசைதான் இருக்கும். டிப்ளமோவின் கடைசி செமஸ்டர் தொடங்கும்போதே விண்ணப்பம் போட்டுவிடுங்கள். வீட்டில் அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டதாரி என்றால் முதல் பட்டதாரி சலுகை கிடையாது. அதை மறைக்க வேண்டாம்.

சேர்ந்தபின் வரும் சோதனை கணிதம். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளுக்கு மூன்றாம் செமஸ்டரிலேயே ஃபூரியர் தொடர் வந்து நிற்கும். மற்றவர்கள் முதலாண்டில் இரண்டு கணிதத் தாள் எழுதிவிட்டு வருகிறார்கள். நீங்கள் அப்படி வருவதில்லை. டிப்ளமோ ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நாட்களிலேயே தொகையீட்டையும் பகுதி வகைக்கெழுவையும் தினமும் ஒரு மணி நேரம் போட்டுப் பாருங்கள்.

நேரடி இரண்டாம் ஆண்டுக் கலந்தாய்விலும் இடம் கிடைக்கவில்லையா? டிப்ளமோவை வைத்து வேலைக்குப் போங்கள். காரைக்குடி, கோயம்புத்தூர், சேலம் அரசுக் கல்லூரிகளில் வேலை பார்ப்பவர்களுக்கென்று பகுதி நேர பி.இ. நடக்கிறது.