‘இருக்கலாம்’ என்பதும் ஒரு விடைதான்: லூபஸும் ஏ.என்.ஏ. பரிசோதனையும்

மாணவர்களே, டிங்கிக் காய்ச்சலோ என்ற சந்தேகம் வந்தால் கிளினிக்கில் ரத்தத்தைச் சோதிக்கிறார்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்ற விடை கிடைத்துவிடும். எல்லா நோய்களும் இவ்வளவு சீக்கிரம் பிடிபடுவதில்லை. சில நோய்களில் மருத்துவர் பல பரிசோதனைகளைச் செய்து முடித்த பிறகும், “இருக்கலாம். மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்ப்போம்” என்பார். அந்த மூன்று மாதம் சிலருக்கு மூன்று ஆண்டாகவும் நீளும்.

அப்படிப்பட்ட நோய்களில் ஒன்று லூபஸ். இது பெரும்பாலும் 15 முதல் 45 வயதுக்குள் தொடங்குகிறது. பெரியவர்களில் இந்நோய் உள்ள 10 பேரில் ஏறத்தாழ 9 பேர் பெண்கள். படிப்பை முடித்து வேலைக்குப் போகும் வயதில் ஒருவர் ‘இருக்கலாம்’ என்ற சொல்லோடு எப்படி வாழ்வது? அந்தச் சொல்லுக்கு அறிவியல் தரும் பொருள் என்ன? இதுதான் இந்த வாரப் பாடம்.

பாடத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் பாரோயில் வசிக்கும் 20 வயது அக்கா ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவருடைய தாத்தாவும் பாட்டியும் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். அக்கா செனவாங் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார். சில மாதங்களாகக் காலையில் எழும்போது விரல் மூட்டுகள் வலிக்கின்றன. விரல்களை மடக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. வாயில் அடிக்கடி புண் வருகிறது. முடி கொட்டுகிறது. எவ்வளவு தூங்கினாலும் அசதி தீரவில்லை.

அரசு சுகாதார கிளினிக்கில் ரத்தமும் சிறுநீரும் எடுக்கிறார்கள். சிறுநீரில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ‘ஏ.என்.ஏ. 1:80, பாசிட்டிவ்’ என்று முடிவு வருகிறது. மேற்கொண்டு பார்க்க, சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனையின் மூட்டுவாத நோய்ப் பிரிவுக்குக் கடிதம் கொடுக்கிறார்கள். வீடு திரும்பிய அக்கா கைப்பேசியில் தேடுகிறார். “பாசிட்டிவ்” என்ற ஒரு சொல் அவரைக் கலங்கடிக்கிறது. அந்தச் சொல் உண்மையில் எவ்வளவு சொல்கிறது என்று பார்ப்போம்.

உடல் தன்னையே தாக்குவது ஏன்?

நம் உடல் நாளை எந்தக் கிருமியைச் சந்திக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே நோய் எதிர்ப்பு அணுக்கள் எண்ணற்ற வடிவங்களில் எதிர்ப்பொருள்களைச் செய்யத் தயாராக இருக்கின்றன. வடிவங்கள் தற்செயலாக உருவாவதால், சில நம் சொந்த அணுக்களுக்கே பொருந்திவிடும். அப்படிப்பட்டவற்றை உடல் வடிகட்டுகிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் ‘டி’ அணுக்களுக்கு ஒரு தேர்வு நடக்கிறது. சொந்த உடலைத் தாக்கக்கூடியவை அங்கேயே அழிக்கப்படுகின்றன.

எந்தத் தேர்விலும் சிலர் தப்பிவிடுவது உண்டு அல்லவா? இங்கும் அப்படித்தான். தப்பி வந்தவற்றை அடக்கி வைக்க ‘ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள்’ என்ற இன்னொரு காவல் இருக்கிறது. இதைக் கண்டறிந்த சிமோன் சகாகுச்சி, மேரி பிரங்கோவ், ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகிய மூவருக்கும் 2025ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் காவல் தளரும்போது தன்னெதிர்ப்பு நோய்கள் வருகின்றன. முதல் வகை நீரிழிவில் கணையம் தாக்கப்படுகிறது. லூபஸில் அணுக்களின் உட்கருவுக்கு எதிராகவே எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. எல்லா உறுப்பிலும் உட்கரு உள்ள அணுக்கள் இருப்பதால் தோல், மூட்டு, சிறுநீரகம், மூளை என்று எதுவும் பாதிக்கப்படலாம். ஒருவருக்கு வந்தது போல் இன்னொருவருக்கு வராது. இந்நோய் சீக்கிரம் பிடிபடாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1:80 என்றால் என்ன?

ஏ.என்.ஏ. என்பது உட்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனை. கண்ணாடித் தகட்டில் வளர்த்த மனித அணுக்களின் மேல் நோயாளியின் ரத்தச் சீரத்தை விடுவார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் அது அணுக்களின் உட்கருவில் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒளிரும் சாயம் சேர்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் உட்கரு பச்சையாக ஒளிரும். சீரத்தை எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் ஒளி தெரிகிறது என்பதே அந்த எண். 1:80 என்றால் 80 மடங்கு நீர்த்தும் ஒளிர்கிறது என்று பொருள்.

வீட்டிலேயே இதைப் புரிந்துகொள்ளலாம். ஒரு கரண்டி சிவப்பு சிரப்பில் ஒன்பது கரண்டி தண்ணீர் சேருங்கள். இது 1:10. அதில் ஐந்து கரண்டியை இன்னொரு குவளைக்கு மாற்றி ஐந்து கரண்டி தண்ணீர் சேர்த்தால் 1:20. இப்படியே 1:40, 1:80, 1:160, 1:320 என்று செல்லுங்கள். எந்தக் குவளையோடு சிவப்பு மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தம்பி வேறொரு குவளையைக் காட்டக்கூடும். ஆய்வுக்கூடங்களிலும் இந்தச் சிறு வேறுபாடு வருவதுண்டு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

1997இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில், நோயற்ற நலமான மனிதர்களின் ரத்தம் சோதிக்கப்பட்டது. அவர்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினருக்கு 1:80 அளவில் ஏ.என்.ஏ. பாசிட்டிவாக இருந்தது. 1:160 அளவில் 5 விழுக்காடு. மலேசியாவில் 100,000 பேரில் ஏறத்தாழ 43 பேருக்கு லூபஸ் இருக்கிறது என்பது அடிக்கடி எடுத்தாளப்படும் மதிப்பீடு.

இப்போது 100,000 பேரை வரிசையில் நிறுத்தி எல்லாருக்கும் இந்தச் சோதனையைச் செய்வதாக வைத்துக்கொள்வோம்.

லூபஸ் உள்ளவர்கள் 43 பேர். இவர்கள் அனைவருக்கும் பாசிட்டிவ் என்றே கொள்வோம்.
லூபஸ் இல்லாதவர்கள் 99,957 பேர். இவர்களில் 13 விழுக்காடு ஏறத்தாழ 13,000 பேர்.

ஆக மொத்தம் சுமார் 13,000 பேருக்கு பாசிட்டிவ் வரும். அவர்களில் நோய் உள்ளவர்கள் 43 பேர் மட்டுமே. அதாவது ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர்! பாசிட்டிவ் வந்தாலே நோய் என்று எண்ணுவது எவ்வளவு பெரிய தவறு என்று தெரிகிறதா?

ஆனால் நம் அக்கா வரிசையில் நின்ற யாரோ ஒருவர் அல்லர். மூட்டு வலியும் வாய்ப்புண்ணும் இருந்ததால்தான் அவருக்குச் சோதனை செய்தார்கள். ஆகவே அவருக்கு வாய்ப்பு 300இல் ஒன்றைவிட அதிகம். அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்தச் சோதனையை மருத்துவர்கள் செய்யாததற்கும் இந்தக் கணக்கே காரணம்.

புள்ளிகள் சொல்வது என்ன?

ஐரோப்பிய, அமெரிக்க மூட்டுவாத மருத்துவர் அமைப்புகள் சேர்ந்து 2019இல் ஒரு புள்ளி முறையை வெளியிட்டன. ஏ.என்.ஏ. ஒரு முறையாவது 1:80 அல்லது அதற்கு மேல் இருந்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் புள்ளி எண்ணத் தொடங்கலாம். சில புள்ளிகள்:

மூட்டு பாதிப்பு – 6
வாய்ப்புண் – 2
முடி கொட்டுதல் – 2
காய்ச்சல் – 2
வெள்ளணுக் குறைவு – 3
ஒரு நாளில் 0.5 கிராமுக்கு மேல் சிறுநீரில் புரதம் – 4

10 புள்ளி சேர்ந்தால் லூபஸ் என்று வகைப்படுத்தலாம். வாய்ப்புண்ணும் முடி கொட்டுவதும் ஒரே பிரிவைச் சேர்ந்தவை. ஒரு பிரிவில் அதிகமான புள்ளி ஒன்றை மட்டுமே எடுக்க வேண்டும். ஆகவே நம் அக்காவுக்கு 6 + 2 = 8.

பத்து ஆகவில்லை. பூஜ்யமும் இல்லை. ‘இருக்கலாம்’ என்ற சொல் பிறக்கும் இடம் இதுதான்.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, இந்த முறை ஆராய்ச்சிக்காக நோயாளிகளை வகைப்படுத்த உருவானது. 10 வராவிட்டாலும் மருத்துவர் தம் அனுபவத்தைக் கொண்டு நோயை முடிவு செய்யலாம். இரண்டாவது, ஓர் அறிகுறிக்கு வேறு காரணம் பொருத்தமாக இருந்தால் அதற்குப் புள்ளி கிடையாது. சிக்குன்குனியா காய்ச்சல் வந்து போன பிறகு மாதக்கணக்கில் மூட்டு வலி நீடிப்பதுண்டு. வீட்டில் இருந்தபடி நாமே கூட்டிப் பார்த்து முடிவு கட்டக்கூடாது.

சேமித்த ரத்தம் சொன்ன செய்தி

அமெரிக்க ராணுவம் தன் வீரர்களின் ரத்தச் சீரத்தை உறைநிலையில் சேமித்து வைக்கிறது. அவர்களில் பின்னாளில் லூபஸ் வந்த 130 பேரின் பழைய மாதிரிகளை ஆய்வாளர்கள் எடுத்துச் சோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். 115 பேரின் ரத்தத்தில், நோய் உறுதியாவதற்கு முன்பே ஏதாவது ஓர் எதிர்ப்பொருள் இருந்தது. சராசரியாக 3.3 ஆண்டுகளுக்கு முன்பு; ஒருவரிடம் 9 ஆண்டுகளுக்கும் மேலாக. ஏ.என்.ஏ. போன்ற பொதுவான எதிர்ப்பொருள்கள் முதலில் வந்தன. லூபஸுக்கே உரியவை நோய் நெருங்கும்போது வந்தன.

நம் கணக்கையும் இந்த ஆய்வையும் சேர்த்துப் பாருங்கள். நோய் வருபவர்களில் பெரும்பாலோருக்கு எதிர்ப்பொருள் முன்னதாகவே வருகிறது. ஆனால் எதிர்ப்பொருள் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. இரண்டும் உண்மை. ஒரு நாள் எடுத்த ரத்தத்தைக் கொண்டு யார் எந்தப் பக்கம் என்று பிரிக்க முடியாது. காலம்தான் பிரித்துக் காட்டும். இந்நிலையில் உள்ளவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கிறார்கள். சிலருக்கு அறிகுறிகள் மறைந்துவிடுகின்றன. சிலருக்கு நோய் உறுதியாகிறது. அது பெரும்பாலும் முதல் 5 ஆண்டுகளில் நடக்கிறது. மருத்துவர் “மறுபடியும் வாருங்கள்” என்பது கைகழுவும் பேச்சு அன்று. அதுவே பரிசோதனையின் அடுத்த படி.

கொயினாவின் உறவுக்கார மருந்து

தோட்டத்தில் வாழ்ந்த பாட்டிகளைக் கேட்டால் கொயினாவின் கசப்பைச் சொல்வார்கள். மலேரியாவுக்குத் தரப்பட்ட மருந்து அது. லண்டன் மருத்துவர் பெய்ன் 1894இலேயே அதைத் தோல் லூபஸுக்குக் கொடுத்துப் பார்த்தார். இரண்டாம் உலகப் போரில் வீரர்களுக்கு மலேரியாவைத் தடுக்க மெபாக்ரின் என்ற மாத்திரை தரப்பட்டது. 1951இல் பேஜ் என்ற மருத்துவர் அது லூபஸ் நோயாளிகளுக்குப் பலன் தருவதை எழுதினார். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஹைட்ராக்சிகுளோரோகுவின் 1955இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்றும் லூபஸ் சிகிச்சையின் அடிப்படை மருந்து அதுதான். நீண்ட காலம் உட்கொள்பவர்கள் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

1950களில் லூபஸ் உறுதியானவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரே நான்கு ஆண்டுகளைத் தாண்டினார்கள். இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் 10 பேரில் 9 பேர் பத்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். கைப்பேசியில் பழைய எண்களைப் படித்துப் பயப்படுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

காத்திருக்கும் காலத்தில் செய்ய வேண்டியவை

1. குறிப்பேடு. எந்த நாளில் எந்த மூட்டு வலித்தது, காலையில் எத்தனை நிமிடம் இறுகியிருந்தது, எப்போது புண் வந்தது என்று தேதியோடு எழுதலாம். தோலில் சிவப்புத் தடிப்பு வந்தால் படம் எடுக்கலாம். மருத்துவரிடம் போகும் நாளில் அது மறைந்திருக்கக்கூடும்.

2. சிறுநீர்ப் பரிசோதனை. லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது முதலில் வலி எதுவும் தெரியாது. உடல் நன்றாக இருந்தாலும் குறித்த நாளில் போய்ச் சோதிக்க வேண்டும். அரசு கிளினிக்கில் குடிமக்களுக்குப் புறநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட்தான்.

3. வெயில். புற ஊதாக் கதிர் பட்டு இறக்கும் தோல் அணுக்களிலிருந்து உட்கருப் பொருள்கள் வெளியே சிந்துகின்றன. எதிர்ப்பொருளுக்கு அது இரை. ரப்பர் தோட்டத்தில் நிழல் உண்டு. பள்ளித் திடலில் இல்லை. நீளக் கை சட்டை, குடை, வெயில் தடுப்புக் களிம்பு ஆகியவை உதவும்.

4. பெயரில்லா மாத்திரைகள் வேண்டாம். மூட்டு வலிக்கென்று விற்கப்படும் பதிவில்லாத சில மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிடும். ஆனால் நோயின் தடயமும் மறையும். நாள்பட எடுத்துத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பெட்டியில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

5. உடனே போக வேண்டிய நேரம். முகமோ காலோ வீங்கினால், சிறுநீர் நுரைத்தால், நெஞ்சு வலித்தால், மூச்சு வாங்கினால், வலிப்பு வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்கக்கூடாது.

இவை தவிர, படிப்பு, வேலை, திருமணம் பற்றிய திட்டங்களை ‘இருக்கலாம்’ என்ற ஒரு சொல்லுக்காக மூட்டை கட்டி வைக்கத் தேவையில்லை.

உங்கள் பங்கு

இந்த நோயின் அசதி வெளியே தெரியாது. “பார்த்தால் நல்லாத்தானே இருக்கீங்க” என்று சொல்வது, நோயைவிட அதிகமாக வலிக்கும். “இன்னுமா கண்டுபிடிக்கல?” என்று கேட்பதும் அப்படியே. “அக்கா, இன்னைக்கு எப்படி இருக்கு? கிளினிக்குக்கு நானும் வரட்டுமா?” என்று கேட்டுப் பாருங்கள். தனியாகக் காத்திருப்பதைவிட அது எளிது.

சிந்தித்து விடை காணுங்கள்

1. 1:10இல் தொடங்கி 1:640 வரை செல்ல எத்தனை முறை இரட்டிக்க வேண்டும்?

2. ஒருவருக்கு ஏ.என்.ஏ. 1:160. காய்ச்சல், வாய்ப்புண், வெள்ளணுக் குறைவு ஆகியவை இருக்கின்றன. வேறு காரணம் தெரியவில்லை. அவருக்கு எத்தனை புள்ளி? அவர் அடுத்து என்ன செய்யலாம்?

3. 1:160 அளவில் நலமானவர்களில் 5 விழுக்காட்டினருக்கு பாசிட்டிவ் வருகிறது. 100,000 பேர் கணக்கை இந்த எண்ணோடு மறுபடியும் போடுங்கள். பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேருக்கு ஒருவர் நோயாளி?

4. “பள்ளி மாணவர்கள் அனைவருக்கும் ஏ.என்.ஏ. பரிசோதனை செய்தால் நல்லதுதானே?” என்று ஒரு நண்பர் கேட்கிறார். அவருக்கு ஐந்து வரியில் பதில் எழுதுங்கள்.

(விடைகள்: 1. ஆறு முறை. 2. 7 புள்ளி, மருத்துவர் குறித்த நாளில் மறுபரிசோதனை. 3. மூன்றாவதில், 43 பேருக்கும் பாசிட்டிவ் என்று கொண்டால், ஏறத்தாழ 117 பேருக்கு ஒருவர். நான்காவதற்கு உங்கள் சொந்த விடையை எழுதி அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.)