பயன் நோக்கிப் பொருள் வழங்கல்

அறச்சாலைகட்குப் பொருளீவோர், தாம் ஈந்தது பயன்பட்டதோ என வினவுதல் இயல்பே. அறிவுசார் குறைபாடுடைய சிறாரைப் பேணும் பள்ளிகட்கு மானியம், பிள்ளைகள் இத்தனையர், ஆசிரியர் இத்தனையர் என்னும் தொகை பற்றியே பெரும்பாலும் கணிக்கப்படுகின்றது. மத்திய அரசின் தீனதயாள் மறுவாழ்வுத் திட்டமும் இவ்வகையினதே. பிள்ளை பள்ளிக்கு வந்தான் என்பது ஏட்டிற் காணப்படும். வந்து யாது பெற்றான் என்பது காணப்படாது. ஆதலின், பயனறிந்தே பொருள் தருக என்பார் கூற்றை எளிதில் தள்ளலாகாது. 2015 முதல் 2018 வரை இராஜஸ்தானத்திற் பெண்கல்வியின்பொருட்டு நடந்த திட்டமொன்றில், முதலிட்டோர்க்குரிய பொருள் பயனை அளந்த பின்னரே திருப்பியளிக்கப்பட்டது. இம்முறை நாம் கூறும் சிறார்க்கும் ஏற்குமோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இது முன்னரே நடந்து பார்த்த வழியாகும். 1862-இல் இங்கிலாந்தில் இராபர்ட் லோ என்பார் காலத்தில் வகுத்த விதிப்படி, வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றிலும் பிள்ளைகள் இன்ஸ்பெக்டர் முன் தேறினாலன்றிப் பள்ளிக்கு முழு மானியம் கிடையாது. விளைந்தது யாது? பிள்ளைகள் பாடநூலை நெட்டுருச் செய்து ஒப்பித்தனர். ஆசிரியர் தேறத்தக்கார்மேற் கருத்தூன்றினர். புலவரும் இன்ஸ்பெக்டருமாகிய மாத்யூ ஆர்னால்டு இதனை வன்மையாகக் கண்டித்தார். நம் சென்னை மாகாணத்திலும் இம்முறை பரவிற்று. இறுதியில் 1904-இல் கர்ஸன் பிரபுவின் அரசாங்கம் வெளியிட்ட கல்வித் தீர்மானம் இதனைக் கைவிடுமாறு கூறிற்று.

மூன்று பாடங்களுக்கே இங்ஙனமாயின், அறிவுசார் குறைபாடுடையார்க்கு எங்ஙனமாம்? சேலையூர்ப் பக்கத்துள்ள ஒரு சிறப்புப் பள்ளிக்கு யானும் நண்பர் இருவரும் சனிக்கிழமைகளிற் சென்று உதவுவதுண்டு. ஆங்குப் பன்னிரண்டு வயதுச் சிறுவனொருவன் தன் சட்டைப் பொத்தானைத் தானே இடுதற்கு ஓராண்டு பயின்றான். இட்ட அன்று அவன் தாயார் கண்ணீர் உகுத்தார். பின்னர் மழைக்காலத்தில் வலிப்பு நோய் மிக்கு இரு திங்கள் வாராதிருந்தான்; மீண்டு வந்தபோது அதனை மறந்திருந்தான். ஆசிரியை முகங்கோணாது முதற் பொத்தானிலிருந்து மறுபடியும் தொடங்கினார். பயன் அளப்போர் அன்று வந்திருப்பின், அவ்வம்மையாரின் உழைப்பிற்கு என்ன மதிப்பிடுவர்? அடுத்த ஆண்டு அத்தகைய சிறுவனைச் சேர்த்துக்கொள்ளப் பள்ளிக்குத் துணிவு பிறக்குமோ? எளிதில் முன்னேறுவார்க்கு வாயில் திறந்து, அரியார்க்கு அடைபடும். எவர்க்காகப் பள்ளி தோன்றியதோ அவரே புறத்து நிற்பர்.

அதுபற்றி அளத்தலே கூடாதென்பது எம் கருத்தன்று. சென்னை விஜய் ஹ்யூமன் சர்வீசஸ் நிறுவனத்தார் வகுத்த சென்னை வளர்ச்சித் திட்டமுறை, உண்ணல், உடுத்தல், பேசல், பழகல் முதலாக 18 துறைகளில், துறைக்கு 20 ஆக 360 செயல்களை வரிசைப்படுத்துகின்றது. ஒரு பிள்ளை சென்ற ஆண்டு எவற்றைச் செய்தான், இவ்வாண்டு எவற்றைச் செய்கின்றான் என்பதை இதனால் அறியலாம். அவனை அவனோடே ஒப்பிடுதல் இதன் சிறப்பு. எனினும், அடுத்துக் கற்பிக்க வேண்டியது யாதென ஆசிரியர்க்கு உணர்த்தும் கருவி இது. இதனையே ஊதியத் தராசாக்கினால், செய்யாததையும் செய்ததாகக் குறிக்கும் ஆசை எழும்.

ஆதலின் மூன்று கூறுவோம். ஆசிரியர் ஊதியமும் பள்ளிச் செலவும் ஆகிய அடிப்படைப் பொருளைப் பயனோடு பிணைத்தலாகாது. மிகுந்த துணை வேண்டும் பிள்ளைக்கு மிகுந்த பொருள் அளித்தல் வேண்டும். முன்னேற்றத்தை அளப்போர் பள்ளியின் வேறானவராய், இத்துறையிற் பயிற்சி பெற்றவராய், பெற்றோரையும் கேட்டறிபவராய் இருத்தல் வேண்டும். அத்தகைய பயிற்சிக்கு, 2005-இல் முட்டுக்காட்டில் தோன்றிய பல்வகைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனம் நம் தாம்பரத்திற்கு அணித்தேயுள்ளது.

பயனைக் கேட்பது குற்றமன்று. ஆயின், ஒரு பொத்தானுக்கு ஓராண்டு செல்லும் என்பதை அறிந்த பின்னரே அக்கேள்வியைக் கேட்டல் முறை.