குடும்பத்துக்கேற்ற பாய்மரப் படகு

பாய்மரப் படகு வாங்க விரும்புவோர் பெரும்பாலும் மகா சமுத்திரத்தை மனத்தில் வைத்துக்கொண்டே படகைத் தேடுகிறார்கள். அமெரிக்காவின் கீழ்க்கரையிலுள்ள செசபீக் விரிகுடாவில் மனைவி மக்களுடன் பாய் விரித்துப் பழகிய நானோ, நம் படகு நாளும் மிதக்கப்போகும் நீரின் ஆழத்தையே முதலில் விசாரிக்கவேண்டும் என்பேன். ஏறத்தாழ 200 மைல் நீளமுள்ள அவ்விரிகுடாவின் சராசரி ஆழம், கிளையாறுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், 21 அடிதான். இரவில் தங்குவதற்கு உகந்த, மரங்கள் சூழ்ந்த ஓடைகளோ அதனினும் ஆழங் குறைந்தவை. நாங்கள் தேர்ந்த கேட்டலினா 30 என்னும் படகு வகையில், அடியில் கனத்துத் தொங்கும் கீல் சாதாரண அமைப்பில் 5 அடி 3 அங்குலமும், சிறகு வடிவ அமைப்பில் 3 அடி 10 அங்குலமும் நீருக்குள் இறங்கும். எதிர்க்காற்றில் ஏறிச் செல்லும் சாமர்த்தியம் முன்னதற்கே அதிகம். ஆயினும், கரையை அணுகித் தங்கும் சௌகரியத்தைப் பெரிதாக எண்ணி நாங்கள் பின்னதையே கொண்டோம்.

பழைய படகுகள் சிலவற்றில் பெட்ரோல் இயந்திரம் இருக்கும். பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானதாதலால் படகின் அடிக்குழியில் தேங்கி, ஒரு பொறி பட்டாலும் தீப்பிடிக்கும். குழந்தைகள் உறங்கும் படகுக்கு டீசல் இயந்திரமே உத்தமம்.

காற்றின் வேகம் இரட்டித்தால் பாயின்மீது அதன் அழுத்தம் நான்கு மடங்காகிறது. ஆகையால், பாயைச் சுருக்கலாமோ என்ற சந்தேகம் எழுந்த அக்கணமே சுருக்கிவிடுவதுதான் விவேகம். கோடைப் பிற்பகல்களில் இடிமழை திடீரென வரும் இயல்புடைய அவ்விடத்தில், நண்பகலுக்குள் நங்கூரமிடுவதையே நாங்கள் நியமமாகக் கொண்டிருக்கிறோம். நீரின் ஆழம் 8 அடியும், படகின் முகப்பு நீர்மட்டத்துக்கு மேல் 4 அடியும் இருந்தால், இரண்டையும் கூட்டி ஏழால் பெருக்கி 84 அடிக் கயிறு விடுவோம். வற்றம் ஏற்றத்தின் அளவையும் ஆழத்தோடு சேர்த்துக்கொள்வது அவசியம். இந்தக் கணக்கை எங்கள் மகளிடம் ஒப்புவித்த நாள்முதல், பயணம் என்றாலே முகம் வாடிய அவள், நங்கூரமிடும் வேளையை ஆவலுடன் எதிர்பார்க்கலானாள். 13 வயதுக்குட்பட்டோர் மேல்தளத்தில் மிதவைச் சட்டை அணியவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். எங்கள் படகில் பெரியவர்களும் அணிகிறோம்.

ஆதலால், விலை பேசுமுன் குடும்பத்தார் அனைவரையும் வாடகைப் படகொன்றில் ஓர் இரவு தங்கவையுங்கள். அவர்களுள் மிகவும் அஞ்சுபவர் மறுமுறையும் வர மனமார இசைந்தபின் முன்பணம் கொடுங்கள்.